வெஸ்ட்ரி ஜன்னல்

டியூப் லைட் எரிந்ததா, எரியவில்லையா? காலையில் பல் தேய்க்கும்போது எரிந்தது. பஸ்ஸில் வரும்போது எரியவில்லை. இப்போது கோர்ட்டு வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் எரிகிறது, அதுவும் வண்டு மாதிரி ஒரு இரைச்சலோடு. பியூலா டீச்சருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே கோபம் வந்தது. முப்பத்துநாலு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த தலை, எந்தப் பிள்ளை எந்த வருஷம் எந்த பெஞ்சில் இருந்தான் என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்லும் தலை, ஐந்து வருஷத்துக்கு முந்திய ஒரு வியாழக்கிழமையைக் கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிக்கிறது. அன்றைக்குக் கோயிலில் ஒரு கல்யாணம். ஆராதனை முடிந்து, குருவானவர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்குள், கல்யாணப் பதிவேட்டில் சாட்சியாக டீச்சர் கையெழுத்துப் போட்டாள். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் சாட்சிக் கையெழுத்து டீச்சருடையதுதான். எழுத்து மணிமணியாக இருக்கும், பேனாவும் கையோடு இருக்கும். அந்தச் சூட்டோடு சூடாக, அதே மேஜையில், அதே பேனாவால், ஞானாபரணம் அய்யாவின் உயிலிலும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். மேஜை மேல் வெயில் விழுந்துகிடந்தது. வெயில் விழுந்துகிடந்தது என்றால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது என்றால், வெளியே வேப்பமரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருந்த அய்யா, டீச்சர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தார். பார்த்துக் கையைக்கூடத் தூக்கினார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்காருகிறது. அப்புறம் எதற்கு அந்த வெயிலில் டியூப் லைட் எரிகிறது?

"டீச்சர், டீ குடிக்கியளா?" என்று பக்கத்தில் இருந்த ஹெப்சி கேட்டாள். வேண்டாம் என்று டீச்சர் தலையாட்டினாள். ஹெப்சிக்கு வயது நாற்பத்தொன்று. ஞானாபரணம் அய்யாவின் இளைய மருமகள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. அவன் போன பிறகும் மாமனாரை விட்டுப் போகாமல், அவருக்குக் கஞ்சி வைத்து, கால் பிடித்துவிட்டு, கடைசியில் பீ மூத்திரம் அள்ளி, மகள் செய்கிறதற்கு மேலே செய்தவள். அய்யா வீட்டை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மூத்த மகன் டைட்டஸ் சென்னையிலிருந்து வந்து, அந்த உயில் செல்லாது என்று கேஸ் நடத்துகிறான். உயில் செல்லாவிட்டால் சட்டப்படி ஹெப்சிக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட இல்லை. பிள்ளையில்லாத விதவை மருமகள் வாரிசாக மாட்டாளாம். இதையெல்லாம் டீச்சருக்குச் சொன்னது ஹெப்சியின் வக்கீல் மாசிலாமணி. "உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க ரெண்டு பேரு டீச்சர். மணியடிக்கிற சாலமோன் போய்ச் சேந்துட்டாரு. நீங்கதான் மிச்சம். எழுதினவரு பாத்துக்கிட்டிருக்கும்போதே நீங்க கையெழுத்துப் போட்டிருக்கணும். அத நீங்க வாயால வந்து சொன்னாத்தான் உயிலு நிக்கும்." அவிய காருக்குள்ள இருந்தாவ, நான் வெஸ்ட்ரிக்குள்ள இருந்தேன் என்று டீச்சர் இழுத்தாள். "நடுவுல ஜன்னல் இருக்கா?" இருக்கு. "அப்பப் போதும். வண்டியில உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியாப் பாத்தாலும் செல்லும்னு பழைய தீர்ப்பே இருக்கு. பாத்தாரா?" பாத்தாவ, என்று டீச்சர் சொன்னாள். இப்போது யோசித்துப் பார்க்கிறாள். பாத்தாவ என்ற சொல் முதலில் வந்ததா, ஜன்னலும் காரும் தூக்கிய கையும் முதலில் வந்தனவா? சொல்தான் முந்திக்கொண்டு வந்தது போலிருக்கிறது. படம் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டது. வக்கீல் அதையெல்லாம் டைப் அடித்து வாக்குமூலம் என்று நீட்டினார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிழை திருத்தத் தெரிந்த மனுஷிக்கு, விரல் வைத்த இடத்தில் போடாமல் இருக்கத் தெரியவில்லை.

ஹெப்சி இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோயில் லைப்ரரிப் புத்தகம். 'பனியில் ஒரு கையெழுத்து.' "திருப்பித் தரவே மறந்துட்டேன் டீச்சர். மாமாவுக்கு இத ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். இதுலயும் ஒரு உயில்தான வரும்? அதான் இன்னிக்கு ஞாபகம் வந்துச்சு" என்றாள். அந்தப் புத்தகம் இப்போது கைப்பைக்குள், வேதாகமத்துக்கும் சுகர் மாத்திரைக்கும் நடுவில் கிடக்கிறது. லைப்ரரி நடத்துகிறதும் டீச்சர்தான். அதில் ஜெபப் புத்தகங்களும் மிஷனரிகள் வரலாறும் வரிசையாக நிற்கும், யாரும் தொடமாட்டார்கள். எல்லாரும் கேட்பது வக்கீல் எல்டன் கதைகளைத்தான். அமெரிக்காவில் நடக்கிற கதைகள், இங்கே யாரோ தமிழாக்கி, அட்டையில் ஒரு சிலுவையும் ஒரு சுத்தியலும் போட்டு வருகிறவை. கொலைக் கதை வாசிக்கிறது பாவம் என்று நினைக்கிற பெண்கள் சங்கத்து அம்மாமார் எல்லாம், எல்டன் நாற்பதாம் பக்கத்தில் முழங்கால் போட்டுவிடுவான் என்கிற தைரியத்தில், முதல் பக்கத்துப் பிணத்தை நிம்மதியாக வாசிப்பார்கள். டீச்சர் அவர்களைக் கேலி செய்வாள். கேலி செய்கிறவள் எந்த யோக்கியம்? மத்தியானம் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தைத் தன் கண்ணே திருட்டுத்தனமாகப் பார்த்துவிடாதபடி ஒரு துணி கிளிப்பைப் போட்டு வைத்துவிட்டு வாசிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, சோற்றை வடித்துவிட்டு, கிளிப்பை எடுப்பாள். அந்த இன்பத்தை என்னவென்று சொல்ல? எல்டன் கோர்ட்டு பாத்ரூமில் ஜெபம்பண்ணிவிட்டு வருவான். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேர்க்கும். யாரோ ஒரு கிழவி நடுங்கிக்கொண்டே கூண்டில் ஏறி உள்ளதை உள்ளபடி சொல்லுவாள், சொன்னது தனக்கே எதிராகப் போகும் போலிருக்கும், அப்போது பின்கதவு திறக்கும், ஒரு காகிதம் வரும். உண்மையும் நியாயமும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே ஸ்டாப்பில் இறங்கும். நிஜத்தில் டீச்சர் பார்த்தவரைக்கும் ஒன்று வந்தால் ஒன்று வராது. அதனால்தான் அந்தக் கதைகள் இனித்தன. இதை யாரிடமும் சொன்னதில்லை. விசுவாசிக்கு அழகில்லை.

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நீதிபதி சின்ன வயசுப் பெண். மேஜை மேல் சுத்தியல் இல்லை. இங்கெல்லாம் சுத்தியல் கிடையாது போல. சாட்சி சொல்லும்போது கையை வைக்க வேதாகமம் வேண்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் வீண். அதெல்லாம் கேட்க மாட்டாங்க டீச்சர், வாயால சத்தியம் சொன்னாப் போதும் என்று மாசிலாமணி காலையிலேயே சிரித்துவிட்டார். கதையில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். வில்லனுக்கு மெல்லிய உதடு இருக்கும். இங்கே டைட்டஸ் படியோரமாக நிற்கிறான், கசங்கின சட்டை, முன்வழுக்கை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிரஷர் மாத்திரை போடுகிறான். டீச்சரைப் பார்த்ததும் பழக்கத்தில் கிட்டே வந்து, "சுகர் எப்படி இருக்கு அக்கா? நடக்கியளா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் எதிர்க்கட்சிச் சாட்சியிடம் பேசக்கூடாதே என்று ஞாபகம் வந்தவன் போல, ஹெப்சி பக்கம் திரும்பாமலே நகர்ந்துபோனான். இவன் வேலை போய் மூன்று வருஷம் ஆகிறது, மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறான் என்று ஊரில் சொல்கிறார்கள். இவனையும் எங்கேதான் கொண்டுபோய் வைப்பது? அப்பன் வீடுதானே, அவன் கேட்கிறான். ஆனால் அப்பன் கக்கூசுக்குப் போகக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் இந்தா இருக்கிறாளே. அப்பன் வாயால் சொன்னதைக் காதால் கேட்டவள் இந்தா நான் இருக்கிறேனே. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் அவரைப் பார்க்கப் போயிருந்தாள். ஹெப்சி கிணற்றடியில் இருந்தாள். "வீட்ட ஹெப்சிக்கு எழுதிட்டேன் டீச்சர். அவளுக்கு நாதியில்ல பாருங்க. டைட்டஸுக்குத் திராணி இருக்கு, பொழச்சுக்கிடுவான். நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார். அது நடந்தது. அதில் டியூப் லைட்டும் இல்லை, சந்தேகமும் இல்லை. கட்டிலுக்குக் கீழே எச்சில் கிண்ணம், சுவரில் பழைய காலண்டர், வேப்பெண்ணெய் வாசனை, எல்லாம் கண் முன்னே நிற்கிறது. கோர்ட்டு அதைக் கேட்காதாம். கோர்ட்டுக்கு ஜன்னல்தான் வேண்டுமாம்.

சரி, ஜன்னலுக்கே போவோம். கல்யாணப் பெண் அய்யாவுக்குப் பேத்தி முறை. கோயில் படி ஏற முடியாது என்று அவரைக் காரிலேயே வைத்து மரத்தடியில் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஹெப்சி. ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஜோயல் போய்க் காரில் வைத்தே அய்யாவிடம் உயிலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். "அய்யா போட்டுட்டாவ டீச்சரம்மா, சாட்சிக்கு நீங்களும் சாலமோன் அண்ணனும் போட்டிருங்க" என்றார். பதிவேட்டில் போட்டது நாலு இடம். இங்க, இங்க, இங்க, இங்க. அப்புறம் இதிலும், இங்க. சாலமோன் மணிக்கயிறு பிடித்த கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போட்டார். டீச்சர் போட்டுவிட்டு நிமிர்ந்தாள், ஜன்னல் வழியே பார்த்தாள், அய்யா கையைத் தூக்கினார். கையில் உறை போட்டிருந்தார். இந்த இடத்தில் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையுறையா? நம் ஊரில், செப்டம்பர் வெயிலில், மனுஷன் கையுறை போடுவானா? கையுறை 'பனியில் ஒரு கையெழுத்'தில் அல்லவா வருகிறது! அதில் ஒரு நோயாளிப் பண்ணைக்காரர், பனி கொட்டுகிறது, காரை விட்டு இறங்க முடியவில்லை, வக்கீல் அலுவலக ஜன்னல் வழியே சாட்சிகள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையுறை போட்ட கையைத் தூக்குகிறார். ஐயோ ஆண்டவரே. அப்படியானால் ஜன்னல் அங்கிருந்து வந்ததா? கதையில் வாசித்ததை வாக்குமூலமாக எழுதிக் கொடுத்திருக்கிறேனா? பொறு, பொறு. அய்யாவுக்குக் கையில் ஊசி ஏற்றிக் கன்றிப்போய், ஹெப்சி வெள்ளைத் துணி சுற்றிவிட்டிருந்தாளே, அதுதான் உறை மாதிரித் தெரிந்திருக்கும். ஆமாம், துணி. ஹெப்சியிடம் கேட்டால் சொல்லுவாள். கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "அந்தக் கல்யாணத்தன்னைக்கு மாமா கையில துணி சுத்தியிருந்தியாட்டி?" ஹெப்சி யோசிக்கவே இல்லை. "ஆமா டீச்சர், வலது கை. அந்தக் கையத் தூக்கித்தான உங்களுக்குத் தோத்திரம் சொன்னாவ." டீச்சருக்கு உயிர் வந்தது. கை உண்மை. அய்யா தூக்கிய கை கதையிலிருந்து வரவில்லை, காரிலிருந்துதான் வந்தது. அப்படியென்றால் ஜன்னலும் உண்மை. வெயிலும் உண்மை. அந்தப் பாழாய்ப் போன டியூப் லைட்டைத் தவிர எல்லாம் உண்மை.

மனசு கொஞ்சம் இறங்கியதும், பொழுது போகட்டும் என்று புத்தகத்தை வெளியே எடுத்தாள். அட்டை கிழியாமல் ஹெப்சி பழைய காலண்டர் தாள் போட்டு வைத்திருந்தாள். பின்னட்டையின் உள்பக்கத்தில் லைப்ரரிச் சீட்டு, டீச்சரின் கையெழுத்தில்: 'பீரோ 1, தட்டு 2.' அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். 'ஹெப்சி, 12.9.2019.' நல்ல நாள்தான், கல்யாணத்தன்றைக்குத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சீட்டை மூடப்போனவள், மூடவில்லை. பீரோ 1. பீரோ வருகிறதற்கு முன்னால் புத்தகங்கள் டீச்சர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தன, அப்போது சீட்டும் இல்லை, தட்டும் இல்லை. பெண்கள் சங்கம் அந்த இரும்பு பீரோவை வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் சீட்டு ஒட்டினாள். பீரோ கொரோனாவுக்குப் பிறகு வந்தது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்? இல்லை. அதற்கு முந்தியே வந்துவிட்டது. வெஸ்ட்ரிக்குள் வைக்க இடம் பார்த்தார்கள். ஒரு சுவர் முழுக்கப் பழைய குருமார் படங்கள், ஒரு சுவரோரம் காணிக்கைப் பெட்டகம், ஒரு பக்கம் வாசல். மிச்சம் இருந்தது ஜன்னல் சுவர். அங்கேயே வையுங்கள், வெளிச்சத்துக்கு லைட்டைப் போட்டுக்கொண்டால் ஆச்சு என்று சொன்னது யார்? சாட்சாத் பியூலா டீச்சர்தான். வந்த நாளிலிருந்து அந்த பீரோ ஆளுயரத்துக்கு மேலே ஜன்னலை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறது, குருவானவர் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் அங்கி மாட்டுகிறார். டியூப் லைட் எரிந்தது. அன்றைக்கும் எரிந்தது. கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டு டீச்சர் நிமிர்ந்தபோது எதிரே இருந்தது பீரோ. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, தட்டு இரண்டிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்து, அதே பேனாவால் சீட்டில் பெயர் எழுதி, வெளியே நடந்துபோய், காரில் இருந்த ஹெப்சியிடம் கொடுத்தாள். அங்கேதான் அய்யா துணி சுற்றிய கையைத் தூக்கினார். "போட்டாச்சா டீச்சர்?" "போட்டாச்சு அய்யா." "தோத்திரம்." பத்தடிதான் இருக்கும், மேஜைக்கும் காருக்கும். அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பத்தடி நடந்துபோய்க் கார் பானட்டின்மேல் வைத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சே இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரிந்தது, காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரியவில்லை. யார் கேட்டாலும் வேலை முடித்துக் கொடுக்கிற டீச்சர், நல்ல டீச்சர், கெட்டிக்கார டீச்சர்!

இப்போது என்ன செய்ய? யாருக்கும் தெரியாது. சாலமோன் செத்துப்போனார். ஜோயல் உபதேசியார் எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். பீரோ எந்த வருஷம் வந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எப்படித் தெரியும்? இந்தச் சீட்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றாலும் ஆச்சு. சீச்சீ, என்ன புத்தி இது, அறுபத்தாறு வயதில். ஏன், என்ன தப்பு? வீட்டை அவளுக்கு எழுதினது அவர்தானே, அதில் பொய் எங்கே இருக்கிறது? நிஜமான விருப்பத்துக்கு ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன? எல்டன் என்ன செய்வான்? எல்டன் பாத்ரூமுக்குப் போய் ஜெபம்பண்ணுவான். டீச்சரும் கண்ணை மூடிப் பார்த்தாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தால் பீரோதான் வருகிறது. எல்டனுக்கு இப்படி ஒரு கேஸ் வந்ததே இல்லை. பன்னிரண்டு புத்தகத்தில் ஒன்றில்கூட, உண்மையைச் சொன்னால் நல்லவள் தெருவுக்குப் போவாள் என்று வரவில்லை. வந்தாலும் இருபது பக்கத்தில் சரியாகிவிடும். இந்தக் கைப்பையில் இன்னும் இருபது பக்கம் எங்கே இருக்கிறது? தெரியாது என்று சொல்லிவிட்டால்? ஞாபகமில்லை, வயசாகிவிட்டது, சுகர் இருக்கிறது. பத்து நிமிஷம் முன்னால்வரை அது நிஜம். இப்போது அதுவும் பொய். இந்தப் புத்தகத்தை ஏனடி கொண்டுவந்தாய் ஹெப்சி? இன்றைக்கென்று பார்த்தா உனக்கு ஞாபகம் வரவேண்டும்? பக்கத்தில் திரும்பினாள். ஹெப்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரித் தெளிவாக இருந்தாள். "ஏட்டி ஹெப்சி, ஒருவேள நான் சொல்லுதது உனக்குப் பாதகமாப் போச்சுன்னா?" என்று டீச்சர் கேட்டாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. ஹெப்சி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் மெஷினில் தேய்ந்த விரல், முரடாக இருந்தது. "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதிய? நீங்க உள்ளதச் சொன்னாப் போதும். கதையில வருமே, அந்தக் கெழவி சொல்லும்போது எல்லாம் போச்சுன்னுதான் இருக்கும். அதுக்குப் பொறவுதான திரும்பும்? மாமா அந்த எடத்துல கையத் தட்டுவாவ." அதே நேரம் உள்ளேயிருந்து டவாலி வெளியே வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டான். பியூலா ரத்தினபாய். பியூலா ரத்தினபாய். பியூலா ரத்தினபாய். முதல் இரண்டு தடவையும் அது வேறு யாரோ என்றுதான் இருந்தது.

கூண்டு என்றால் கூண்டில்லை, இடுப்பளவு மரக்கட்டை, அவ்வளவுதான். கடவுள் அறிய உண்மையைச் சொல்கிறேன் என்று ஒருவர் சொல்லச் சொல்ல டீச்சரும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி. தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, அதே இரைச்சல். வாக்குமூலத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்றார்கள். என்னுடையதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், நெற்றியில் சந்தனம், வேர்க்கவே இல்லை. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, நாற்காலி வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். உயிலைக் காட்டினார். மணிமணியான கையெழுத்து. "இது போடும்போது ஞானாபரணம் எங்க இருந்தாரு?" கார்ல. "நீங்க?" வெஸ்ட்ரில. "அவரு உங்களைப் பாத்தாருன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஜன்னல் வழியா. சரிதானா?" அவர் கேட்டது சும்மா, பத்தோடு பதினொன்றாக, ஆமாம் என்று வரப்போகிறது, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். ஒரே ஒரு சொல். டீச்சரின் நாக்கில் 'ஆமா' உட்கார்ந்திருந்தது, தள்ளினால் விழுந்துவிடும். வெயில் விழுந்த மேஜை தெரிந்தது, திறந்த ஜன்னல் தெரிந்தது, எவ்வளவு அழகாக இருந்தது அந்த வெயில், அதற்குப் பின்னால் மெதுவாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த பீரோவும் தெரிந்தது. "ஜன்னலுக்கு முன்னால பீரோ நின்னுச்சு" என்றாள். புரட்டிக்கொண்டிருந்த காகிதம் நின்றது. "என்னம்மா?" "லைப்ரரி பீரோ. ஜன்னல் தெரியாது. நான்தான் அங்க வைக்கச் சொன்னேன்." நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவரு உங்களைப் பாக்கலையா? ஆமாவா, இல்லையா?" என்று வக்கீல் கேட்டார். "பாக்கல. நானும் அவியளப் பாக்கல. ஆனா அம்மா, வீடு ஹெப்சிக்குத்தான்னு அவிய எங்கிட்ட வாயால சொன்னாவ, ரெண்டு நாளைக்கு முன்னாலயே சொன்னாவ, பொறவு காருகிட்டப் போனப்போகூட..." கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா என்றார் நீதிபதி, கோபமில்லாமல். டைப் மெஷின் தடதடவென்று ஓடியது. எதுவரைக்கும் அடித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. வேறு கேள்வி இல்லை என்று அந்தப் பெரியவர் உட்கார்ந்தார். மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பின்வரிசையில் டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். இறங்கலாம்மா என்று யாரோ சொன்னார்கள், டீச்சர் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்கதவைப் பார்த்தாள், கதவு திறந்துதான் கிடந்தது, யாரும் வரவில்லை. அந்தக் கதவோரமாக ஹெப்சி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சர் உள்ளதைச் சொல்லிவிட்டாள் என்பதுவரைக்கும் அவளுக்குப் புரிந்திருந்தது.